கல்வராயன் மலையில் ஐந்து நாட்டு மாணவர்களும் நானும்

கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது, எந்த மாதம் நல்லது, பெண்கள் தனியாகப் போகலாமா என்று சென்ற பதிவுக்குக் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டாவது முறை போனது இந்தத் தை மாதம். பேருந்து விவரமெல்லாம் அந்தப் பயணத்திலிருந்து கடைசியில் தருகிறேன். அவசரமாக இருப்பவர்கள் நேரே அங்கே போய்விடலாம். முதல் முறை போனது எண்பதுகளின் பிற்பகுதியில், வட மாவட்டங்களில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில். எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அந்தப் பயணம்தான்.

அந்த வருஷம் சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் அம்மா இறந்துவிட்டாள். அப்பா திருநெல்வேலி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணனோடு பம்பாய்க்குப் போய்விட்டார். விடுதியைக் காலி செய்தபின் மாம்பலத்தில் ஒரு தோழியின் அறையில் ஓரமாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, வேலைக்கு மனுப் போட்டபடி இருந்தேன். ஒரு நாள் என் பேராசிரியை கூப்பிட்டு, வெளிநாட்டு மாணவர்கள் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள், கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம், கூடவே போய் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் எங்கேயாவது இருக்க இடம் கிடைக்கிறதே என்பதுதான் நான் சரியென்றதற்குக் காரணம். மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மாணவர்களின் திட்டம் இதுதான். ஒரு நீளமான துணி. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தங்களுக்கு யாரோ காட்டிய கருணை ஒன்றை அதில் படமாக வரைய வேண்டும். பிறகு எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகத் தைத்து, ஊர் ஊராக எடுத்துப் போய்க் காட்டுவார்கள். டென்மார்க், கென்யா, ஜப்பான், போலந்து, பெரு ஆகிய ஐந்து நாட்டுப் பகுதிகளும் முடிந்திருந்தன. கென்யப் பகுதியில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தை இன்னொருத்தியின் தலைக்குத் தூக்கிவிடுகிறாள். ஜப்பான் பகுதியில் ஒரு குடைக்குள் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். ஆறாவதாக இந்தியப் பகுதிக்கு இடம் வெள்ளையாக இருந்தது.

சென்னையிலிருந்து விடிகாலைப் பேருந்து. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் என்று போய்க் கள்ளக்குறிச்சி சேர மதியம் தாண்டிவிட்டது. அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். அங்கே ஒரு வேனை வாடகைக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் மணவாளன் உள்ளூர்க்காரர். கச்சிராயபாளையம் வரை இருபக்கமும் கரும்பு, பிறகு கோமுகி அணை, அதன்பின் மலைப்பாதை. வளைவுகளில் பெரு நாட்டு மாணவன் மட்டும் நிம்மதியாகத் தூங்கினான். எங்கள் ஊரில் இதெல்லாம் மேடு என்றுதான் சொல்வோம் என்றான்.

வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் இருந்தது அந்த உறைவிடப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், பின்னால் கடுக்காய் மரங்கள், அதற்கப்பால் சாமை விளையும் சரிவு. மழை விட்டு விட்டுப் பெய்தது. நான் படங்களில் பார்த்திருந்த மலை ஊர்களைப் போலக் கடையும் கண்ணியுமாக இல்லை. அமைதி என்று எழுதத்தான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கு அது அமைதியாகப் படவில்லை. பேச்சு நின்றவுடன் காதுக்குள் ஒன்றும் இல்லாமல் போவது போல இருந்தது.

மொழிபெயர்க்கும் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. வாய் நாள் முழுக்க "நான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நான் டென்மார்க்கிலிருந்து வருகிறேன். நான் நர்ஸ் படிப்புப் படிக்கிறேன். எங்கள் ஊரில் கடல் உறைந்துபோகும். எனக்கு ஆறு தம்பி தங்கைகள். இதில் ஒரு "நான்" கூட நான் கிடையாது. பிள்ளைகள் டென்மார்க் ஹென்ரிக்கின் மஞ்சள் தாடியையும் கென்யா வாஞ்சிருவின் சின்னச் சின்னப் பின்னல்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஜப்பான் மிச்சிகோ காகிதத்தில் கொக்கு மடித்துக் கொடுத்தாள். என்னிடம் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஐவரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிப்பார்கள். எனக்குப் புரியும். ஆனால் அதற்குள் என் தொண்டை கட்டிப்போயிருக்கும். தட்டோடு எழுந்து போய்ச் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் நல்ல பிள்ளைகள்.

முதல் நாள் ஹென்ரிக் பிள்ளைகளிடம் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். "உங்களுக்கு யாராவது கருணை காட்டியிருக்காங்களா?" வகுப்பே என்னைப் பார்த்தது. கடைசி வரிசையில் ஒருத்தன் எழுந்து, "கருணைக் கெழங்குங்களா?" என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. அன்பு என்று சொல்லிப் பார்த்தேன், இரக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். சரியென்று தலையாட்டினார்கள், பதில் வரவில்லை. பிறகு எங்கள் வீட்டில் புழங்கும் வார்த்தை ஞாபகம் வந்து, "யாராவது ஒத்தாசை பண்ணியிருக்காங்களா?" என்றேன். அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஓடையில் வெள்ளம் வந்தபோது தோளில் தூக்கிப் போன மாமன், தேன் எடுக்கப் போய் விழுந்தவரைச் சுமந்துவந்தவர்கள், சளி பிடித்தபோது கம்பளியைக் கழற்றிக் கொடுத்த பெண். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஹென்ரிக் உற்சாகமாகிவிட்டான். இதில் எதை வரைவது என்று தீர்மானிக்கவே இரண்டு நாள் போயிற்று.

அப்போதுதான் மறியல் தொடங்கியது. தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறிக்கப்போகிறார்கள் என்று கிளம்பும்போதே பேச்சு இருந்தது. மலை மேல் ஒன்றும் வராது என்று எல்லோரும் சொன்னார்கள், வரவுமில்லை. வானொலியில் மட்டும் கேட்டோம், பேருந்துகள் நின்றுவிட்டன, சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் துப்பாக்கிச் சூடு என்று. மணவாளன் வேனைப் பள்ளிக்கூடத்திலேயே நிறுத்திவிட்டு எங்களோடு தங்கினார்.

மறியலின் இரண்டாவது நாள் காலை வாஞ்சிரு எழுந்திருக்கவில்லை. முந்தின நாளே வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்தவள். இப்போது வலது பக்கம் கையை அழுத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடம்பு கொதித்தது. நர்ஸ் படிப்புப் படிப்பவளாயிற்றே, அவளே சொல்லிவிட்டாள். குடல்வால். இன்றைக்கே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்.

"கீழ போவ முடியாதுங்க" என்றார் மணவாளன். "கச்சிராயபாளையம் தாண்டினா மரம்தான். என் வண்டிய ஒடச்சிட்டா நான் இன்னா பண்றது?" பிறகு வாஞ்சிருவை ஒரு முறை எட்டிப் பார்த்தார். போய் வேனை எடுத்துவந்தார்.

யார் கூடப் போவது என்ற கேள்வியே எழவில்லை. நாங்கள் வந்து என்ன செய்ய முடியும், பேசத் தெரிந்தவள் நீதானே என்றான் ஹென்ரிக். அது உண்மை. அவன் கண் கலங்கியிருந்ததும் உண்மை. வேன் வளைவுகளில் இறங்கும்போது பின்னிருக்கையில் வாஞ்சிருவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மணிக்கட்டை இறுக்கினாள்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேன் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம், வேரோடு அல்ல, இடுப்பளவில் வெட்டிச் சாய்த்தது. இரண்டு பக்கமும் பள்ளம், அதற்கப்பால் கரும்பு. மரத்தின் மேலும் ஓரத்திலும் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி போவாது. திருப்பிக்க" என்றார் நடுவயதுக்காரர் ஒருவர், மணவாளனைப் பார்த்து.

நான் இறங்கிப் போனேன். பதற்றத்தில் என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "அண்ணாச்சி, ஒரு பிள்ளைக்கு வயித்து வலியில உசிரு போவுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிக்கினு இருக்கிறேன்?" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை நாளும் மற்றவர்களுக்காகப் பேசியபோது ஒரு சொல்லுக்குக்கூடத் திணறாத நான், அங்கே அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

கூட்டத்திலிருந்து ஒரு இளைஞர் எழுந்து வேனுக்குப் போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தார். இருபத்தைந்து வயது இருக்கும். வாஞ்சிருவிடம் ஆங்கிலத்தில், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் பெயர் ஏழுமலை என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்து நடுவயதுக்காரரிடம் சொன்னார். "மாமா, எங்க சித்தி பையன் இப்பிடித்தான் சோத்துக்கை பக்கம் புடிச்சிக்கினு கெடந்தான். ரெண்டாம் நாளு போயிட்டான். வுட்டுடலாம்."

"இன்னிக்கு ஒரு வண்டிய வுட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் வவுத்து வலின்னு வருவான்டா. அப்புறம் இன்னாத்துக்கு மரத்த வெட்னோம்?"

"வண்டிய வுட வேணாம். ஆள வுடுவோம்."

பிறகு நடுவயதுக்காரரே பக்கத்துக் கொட்டகைப் பக்கம் திரும்பி, கட்டிலைக் கொண்டு வாங்கடா என்று குரல் கொடுத்தார். கயிற்றுக் கட்டில் வந்தது. வாஞ்சிருவை அதில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். கிளைகள் பின்னிக் கிடந்தன. முந்தின நாள் வெட்டிச் சாய்த்த அதே மரத்தில், கட்டில் போகும் அளவுக்கு அரிவாளால் கிளைகளைக் கழித்து வழி செய்தார்கள். தண்டின் மேல் ஏற்றும்போது கட்டில் சாய்ந்தது. கீழிருந்து நாலைந்து கைகள் எழுந்து தாங்கின. நான் பின்னால் பாவாடையில் சுள்ளி மாட்ட மாட்ட ஏறினேன். எனக்குக் கை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை; எல்லோர் கண்ணும் கட்டிலின் மேல். அதுவும் நியாயம்தான்.

அந்தப் பக்கம் ஏழுமலையின் சித்தப்பா மகன் ஒருவனின் டிராக்டர் இருந்தது. பெட்டியில் காய்ந்த கரும்புத் தோகையைப் பரப்பிக் கட்டிலோடு ஏற்றினார்கள். மணவாளன் வேனைத் திருப்பிக்கொண்டு மலைக்குப் போனார். ஏழுமலை எங்களோடு ஏறிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சிக்கு அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடித்தது. மரம் கிடந்த இடங்களில் புன்செய்க் கொல்லைகளுக்குள் இறங்கி வண்டிப்பாதையில் சுற்றினோம். ஒவ்வொரு மறியலிலும் ஏழுமலை குதித்து இறங்கிப் போவார், பேசுவார், திரும்பி வந்து ஏறுவார். "இன்னா சொன்னீங்க?" என்று ஒரு முறை கேட்டேன், அவர்கள் பேச்சு அதற்குள் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ளத சொன்னேன்" என்றார். எனக்காக ஒருவர் பேசி, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பயணத்தில் அப்போது மட்டும்தான்.

நடுவில் கொஞ்சம் பேசினோம். அவர் பி.ஏ. வரலாறு. "எங்க வூட்ல மொத மொதல்ல காலேஜுக்குப் போனது நான்தாங்க. முடிச்சி மூணு வருசமா கரும்பு வெட்டிக்கினு இருக்கிறேன். இந்த ஊர்ப் பக்கம் ஜனம் ஜாஸ்தி, வேலை கம்மி. யாரு கேப்பாங்க? மரத்த வெட்னாதான் திரும்பிப் பாக்கறாங்க." நானும் வேலை தேடுகிறேன் என்றேன். "நீங்க இன்னா ஆளுங்கன்னு நான் கேக்கலைங்க" என்றார். "கேட்டா பேச்சு வேற எங்கியோ போயிடும்." வாஞ்சிரு கண்ணைத் திறந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு, மரம்தான் வேறு என்றாள். அதை ஏழுமலைக்குச் சொன்னபோது அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

ஊர் எல்லையில் போலீஸ் வண்டிகள் தெரிந்தன. டிராக்டர் நின்றது. "இதுக்கு மேல நாங்க வந்தா புடிச்சி ஏத்திக்கினு போயிடுவாங்க. நீங்க போயிடுவீங்க இல்ல?" என்றார் ஏழுமலை. கட்டிலை ஒரு வேப்பமரத்து நிழலில் இறக்கி வைத்தார்கள். நன்றி என்றேன். அச்சடித்த அழைப்பிதழில் வரும் வார்த்தை மாதிரி இருந்தது எனக்கே. ஏழுமலை வாஞ்சிருவிடம், உடம்பைப் பார்த்துக்கொள் சகோதரி என்று பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறினார். வந்த வழியே கரும்புக்குள் மறைந்துவிட்டார்கள்.

வாஞ்சிருவை நிழலிலேயே விட்டுவிட்டுக் கடைவீதிக்கு ஓடினேன்; எல்லாக் கடையும் மூடியிருந்தது. ஒரு ஜவுளிக்கடையின் கதவு மட்டும் பாதி இறங்கியிருந்தது. குனிந்து கூப்பிட்டேன். கடைக்காரர் ரஹீம் பாய் வெளியே வந்து கேட்டுவிட்டு, சரக்கு மூட்டை தள்ளும் வண்டியை உருட்டிக்கொண்டு என்னோடு வந்தார். இருவருமாக வாஞ்சிருவை அதில் ஏற்றினோம். வழியில் தடுத்த போலீஸ்காரரிடம், "கண்ணு தெரியலீங்களா, நோயாளிங்க" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் தள்ளினார். அருகில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் வயதானவர், வாஞ்சிருவின் வயிற்றை ஒரு முறை அழுத்திப் பார்த்ததுமே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. வெடிக்கிற நிலையில் இருந்தது, இனி பயமில்லை என்றார். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அதை எனக்கே ஒரு முறை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கேட்க வேண்டியவள் மயக்கத்தில் இருந்தாள்.

மீதி நாட்கள் ரஹீம் பாயின் வீட்டில், கடைக்குப் பின்னாலேயே. அவர் மனைவி ஜைனப் அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுப்பேன். வார்டில் இருந்த பெண்களெல்லாம் வாஞ்சிருவைச் சுற்றிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். கல்யாணம் ஆச்சா, உங்க ஊர்ல இன்னா சாப்பிடுவீங்க, இந்தப் பின்னலைப் போட எத்தினி நேரம் ஆவும். இரண்டு பக்கமும் நான்தான் பேசினேன். ஒரு மதியம் அசதியில் நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் வாஞ்சிருவும் ஜைனப் அக்காவும் எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வாஞ்சிருவுக்குத் தையல் வலித்தது. இருந்தும் சிரிப்பு நிற்கவில்லை. என்ன என்று இருவரிடமும் கேட்டேன். இருவராலும் சொல்ல முடியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறியல் முடிந்து சாலை திறந்ததும் மலையிலிருந்து வேன் வந்தது. ஹென்ரிக் துணியை ரஹீம் பாயின் கடை மேசையில் விரித்துக் காட்டினான். மணவாளன் மலைக்குத் திரும்பிப்போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அதுவரை வரைய நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அதையே வரைந்துவிட்டார்கள். விழுந்து கிடக்கும் பச்சை மரம். அதன் மேல் கட்டில். நான்கு பேர் தூக்குகிறார்கள், எல்லோருக்கும் ஒரே முகம். கட்டிலில் கறுப்பாக வாஞ்சிரு, பின்னல்களோடு. பின்னால் ஒரு பெண், வாய் மட்டும் அகலமாகத் திறந்திருக்கிறது. அது நான். ஜைனப் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். வாஞ்சிரு தூக்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். இதில் ஏழுமலை எந்த முகம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

துணியின் ஓரத்தில் ஐந்து பேரின் பெயரும் நாடும் எழுதியிருந்தது. ஐந்து நாட்டு மாணவர்கள் என்பதுதானே திட்டம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

அவர்களுக்கு விமானம் இருந்தது. வாஞ்சிரு படுத்துக்கொண்டு வர வேண்டும், அதனால் வேனில் இடம் போதவில்லை. நான் பேருந்தில் வருகிறேன் என்றேன். வாஞ்சிரு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. பிறகு வேன் போய்விட்டது. பேருந்துகள் ஒழுங்காக ஓட இன்னும் ஒரு நாளாவது ஆகும் என்றார்கள்.

அன்று மதியம் ஜைனப் அக்கா சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். ரொம்ப நேரம் கழித்து, "இன்னாம்மா, அவுங்க இருந்தப்ப வாய் ஓயாம பேசிக்கினு இருந்த. இப்ப ஒண்ணுமே பேசமாட்டேங்கிற" என்றார்.

"அதெல்லாம் அவுங்க பேச்சு, அக்கா."

"சரி. உன் பேச்சு இன்னா?"

சொல்ல ஆரம்பித்தபோது வந்தது அம்மாதான். அம்மாவுக்கும் வயிற்றில்தான் நோய் என்றும், அவள் வலியைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை என்றும், பரீட்சை முடிந்து நான் ஊருக்குப் போனபோது ஆளே பாதியாகிக் கிடந்தாள் என்றும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "அவுங்க பேரு இன்னா?" என்று கேட்டார்.

"கோமதி."

அம்மா இறந்து ஒரு வருஷமாகியும் அவள் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "கோமதி" என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இன்னா நல்லா சமைப்பாங்க?" என்று அடுத்துக் கேட்டார். அம்மாவின் சொதியைப் பற்றிச் சொன்னேன். தேங்காய்ப் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்பதில் தொடங்கி அத்தை கல்யாணம், குறுக்குத்துறை ஆற்றங்கரை, எங்கள் தெரு என்று எங்கெங்கோ போயிற்று பேச்சு. உரித்த வெங்காயம் முறத்தில் குவிந்து, விளக்குப் போடும் நேரமும் ஆகிவிட்டது. மறுநாள் ரஹீம் பாய் பேருந்து நிலையம் வரை வந்து சன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பின்னால் நடந்தவை கொஞ்சம்தான். வாஞ்சிருவிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு அவளும் நானும் முகவரி மாறிவிட்டோம். இடஒதுக்கீடு பின்னால் வேறொரு வடிவத்தில் வந்தது. ஏழுமலைக்கு அதனால் வேலை கிடைத்ததா என்று தெரியாது. மறியலுக்காகப் பலரைப் பிடித்தார்கள் என்று மட்டும் படித்தேன். எனக்கு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, ஓய்வும் பெற்றாயிற்று.

இந்தத் தை மாதம் தனியாகப் போனேன். விவரம் இது. சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி இருநூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், பேருந்தில் ஐந்தரை மணி நேரம். இப்போது அது மாவட்டத் தலைநகரம். பேருந்து நிலையத்தைச் சுற்றி விடுதிகள் நிறைய, தனியாகப் போகும் பெண்ணுக்கு அறை தருவதில் தயக்கமில்லை. அங்கிருந்து வெள்ளிமலைக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், காலையில் போகும் பேருந்தைப் பிடித்துவிடுங்கள், பிற்பகலில் மலைப் பேருந்துகள் குறைவு. கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ் அடிக்கடி உண்டு, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அருவிகளைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை நல்லது. மழை பலமாக இருந்தால் தண்ணீர்ப் பக்கம் இறங்காதீர்கள். மலை மேல் கைப்பேசிச் சிக்னல் வரும் போகும். தேனும் கடுக்காயும் வாங்கலாம். கம்பளி வேண்டும்.

கடைவீதியில் ரஹீம் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. கச்சிராயபாளையத்தில் ஏழுமலையை விசாரித்தேன். எந்த ஏழுமலை என்று கேட்டார்கள், தெருவுக்கு நாலு ஏழுமலை. அப்பா பெயர் தெரியுமா என்றார்கள். தெரியாது. பி.ஏ. படித்தவர் என்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் அக்கறையோடு யோசித்துப் பார்த்துக் கையை விரித்தார்கள். அணைக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

தனியாகப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில், தாராளமாகப் போகலாம். பயப்பட ஒன்றும் இல்லை. தனிமை இருக்கும், அதை மலையோ அருவியோ போக்காது. பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் எந்த ஊரு என்று கண்டிப்பாகக் கேட்பார். அப்போது ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள். இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்.